அறுபத்து நான்காவது உருப்படி

மீட்டர்காரரின் இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல் அகலத்துக்கு முடியே இல்லை என்பதை அவர் மனைவி கண்டுபிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவருக்குச் சட்டை தைக்க அளவெடுத்தபோது. அவள் தையல்காரி. இருபத்திரண்டு வருடமாகக் கழுத்தில் அளவு நாடாவோடு வாழ்கிறவள். துணியில் ஒரு இழை விலகியிருந்தாலே அவள் கண்ணை உறுத்தும். புருஷன் கையில் நான்கு விரல் அகலம் தப்புமா?

"என்னங்க இது?"

"எது?"

"வலது கை தேங்காநார் மிதியடி மாதிரி இருக்கு. இடது கை மொழுமொழுன்னு இருக்கு."

உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு நொடி கிடைத்தது. அந்த நொடியை அவர் பின்னறைக் கதவைப் பார்ப்பதில் செலவழித்தார். பிறகு, "என்னமோ தெரியல, உதிருது. கொஞ்சம் அரிப்பும் இருக்கு" என்றார்.

அரிப்பைச் சேர்த்திருக்க வேண்டாம். வெறுமனே உதிர்கிறது என்றால் வயசு என்று விட்டிருப்பாள். அரிப்பு என்றதும் நாடாவைச் சுருட்டினாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

மீட்டர்காரருக்கு அந்தப் பெயர் உத்தியோகத்தால் வந்தது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துவருவது அவர் வேலை. மின்சார இலாகாவில் சம்பளம் வாங்கிக்கொண்டு, மின்சாரமே வேண்டாத கருவிகளாகப் பார்த்துச் சேர்க்கிறார் என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இருந்தது. மீட்டர் பெட்டி எங்கே இருக்கும்? மாடிப்படிக்கு அடியில், பின்கட்டு இருட்டில், பழைய சாமான் போடும் மூலையில். பழைய தச்சுக் கருவிகள் கிடப்பதும் அதே இடங்களில்தான். மரம் சீவும் இழைப்புளியைக் கதவுக்கு முட்டாக வைத்திருப்பார்கள். உளியால் ஜன்னலை நெம்பியிருப்பார்கள். நல்ல ரம்பம் ஒன்றை ஒரு வீட்டில் பூனை ஏறிவராமல் இருக்க மதிலில் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்படிச் சேர்ந்தவை அறுபத்து மூன்று. இழைப்புளிகள், உளிகள், ரம்பங்கள், மூலைமட்டங்கள், கையால் சுற்றித் துளை போடும் கருவிகள் இரண்டு. எல்லாவற்றையும் துரு நீக்கி, பிடி போட்டு, கூர் தீட்டிப் பின்னறையில் வைத்திருந்தார். வெறும் காட்சிக்கு இல்லை. அவற்றை வைத்து மூன்று முக்காலி, ஒரு அலமாரி, மனைவிக்கு ஒரு வெட்டுமேசை செய்திருக்கிறார். வெட்டுமேசை அருமையான மேசை. முடிக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அதுவரை அவள் தரையில் குனிந்து வெட்டினாள்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு ஒப்பந்தம் ஆனது. துணி தைக்க வருகிற பெண்கள் போட்டுப் பார்க்க இடமில்லாமல் படுக்கையறைக்குப் போக வேண்டியிருந்தது. அப்படிப் போன ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்ட, அடியில் இருந்த ரம்பம் சலங்கை மாதிரி ஒலித்தது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்துவிட்டார். அன்று மாலை தையல்காரி பின்னறைக்குள் போய் எல்லாவற்றையும் ஒன்று ஒன்றாக எண்ணி, கதவின் உள்பக்கம் தையல் சாக்பீஸால் 63 என்று எழுதினாள்.

"அறுபத்தி மூணு உருப்படி. அதுக்கு மேல ஒண்ணு வந்துச்சுன்னா இந்த ரூம் எனக்கு. ட்ரையல் ரூம். மொத்தத்தையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுடுவேன். ஒவ்வொரு மாசமும் ஒண்ணாந்தேதி எண்ணுவேன்."

அவர் தலையாட்டினார். எதிர்த்துப் பேச அவர் பக்கம் நியாயம் எதுவும் இல்லை.

எட்டு மாதம் ஒழுங்காக இருந்தார். அதற்குப் பிறகுதான், ஒரு மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக் கதவு ஆடாமல் இருக்க யாரோ செருகியிருந்த இரும்புத் துண்டை உருவினார். ஓர் அங்குல அகலத்து உளி. துருவுக்கு மேலே மூன்று வண்ணத்தில் பெயின்ட். வீட்டுக்காரர் அதைக்கொண்டு பெயின்ட் டப்பா திறந்திருக்கிறார். ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். மென்மையான இரும்பின் அடியில் கடினமான எஃகு ஒரு அடுக்காக ஒட்டியிருப்பது, நகத்தால் கீறிய கோடு போலத் தெரிந்தது. இப்படிச் செய்த உளி இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

"இதை நான் எடுத்துக்கட்டுமா? பதிலுக்குப் புதுசா ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கித் தரேன்."

"ரெண்டா குடுங்க சார்" என்றார் வீட்டுக்காரர். "ஒண்ணு டப்பாவுக்கு, ஒண்ணு இந்தக் கதவுக்கு."

வீட்டில் அதை ஒளித்துவைத்தது பழைய மின்கட்டண ரசீதுக் கட்டுக்குள். விரும்பி யாரும் தொடாத இடம் அது. புதன்கிழமை மத்தியானம் தையல்காரி லைனிங் துணியும் பித்தானும் வாங்கக் கடைக்குப் போவாள். அந்த இரண்டு மணி நேரம் அவருடையது. வினிகரில் ஊறவைத்துத் துருவை எடுத்தார். சாணைக்கல்லில் தீட்டினார். தீட்டியதைச் சோதிப்பதில்தான் வினை வந்தது.

அதுவரை அவர் கூர் பார்த்தது செய்தித்தாளை வெட்டித்தான். பழைய சாமான் சந்தையில் ஞாயிறுதோறும் சந்திக்கும் சிநேகிதர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. இன்னொருவர் கணக்கு வாத்தியார். இரண்டு பேரிடமும் இதே நோய், அதாவது கருவி சேர்க்கும் நோய், முற்றியிருந்தது. பேப்பரை வெட்டிப் பார்த்ததாக மீட்டர்காரர் சொன்னதும் கார்டு சிரித்தார்.

"பேப்பரை என் மருமக நகம்கூட வெட்டும். கை முடியை எடுக்குதா, அதைச் சொல்லுங்க. அழுத்தவே கூடாது. சும்மா வச்சுத் தள்ளணும். முடி தானா விழணும்."

வைத்துத் தள்ளினார். விழுந்தது. ஒருமுறை பார்த்தால் போதும். கூர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அவர் மூன்று புதன்கிழமை பார்த்தார்.

*

தோல் டாக்டர் அம்மாள் கெட்டிக்காரர். ஆனால் முகப்பருவும் பொடுகும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தார். மீட்டர்காரரின் கையைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஷேவ் பண்ணீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரி சிரித்துவிட்டாள். "கையையா? மூஞ்சியையே நாலு நாளைக்கு ஒருதரம்தான் பண்றாரு டாக்டர்."

"எரிச்சல் இருக்கா?"

மீட்டர்காரர் மனைவியைப் பார்த்தார். "அப்பப்போ."

"தூக்கம்?"

"அது... புதன்கிழமை கொஞ்சம் கம்மி."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். தினம் மூன்று வேளை தடவச் சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார். நசுக்கிய மூட்டைப்பூச்சி வாசனை அதற்கு. தையல்காரியே பக்கத்தில் உட்கார்ந்து தடவினாள். தடவிய கை காய்கிற வரைக்கும் அவர் எதையும் தொடக் கூடாது. இந்த நிலைமையில் உளியை எடுப்பது எங்கே? இரண்டு வாரம் தொடாமல் இருந்தார், முடி வளர்ந்தது. தினமும் காலையில் அதை விரலால் தடவிப் பார்த்து அவள் பூரித்தாள். "மருந்துன்னா மருந்து" என்று கார்டின் மனைவிக்கும் வாத்தியாரின் மனைவிக்கும் போன் செய்து சொன்னாள். "உங்க வீட்டுக்காரருக்கு இருந்தாலும் சொல்லுங்கக்கா, பேர் எழுதித் தரேன்."

விளையாட்டாகச் சொன்னது. ஆனால் இரண்டு வீட்டிலும் அன்று ராத்திரியே புருஷன் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டார்கள்.

இதற்கிடையில் மூன்றாவது வாரம் வந்தது, புதன்கிழமையும் வந்தது. மீட்டர்காரர் உளியால் ஒரு பலகையில் துளை செதுக்கினார். வெண்ணெயில் போவது மாதிரி போயிற்று. கொஞ்சம் மழுங்கியது, திரும்பத் தீட்டினார். செய்தித்தாளை எடுத்து வெட்டிப் பார்த்தார். வெட்டியது. ஆனால் கார்டின் மருமகள் நகம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரே ஒருமுறை என்று சட்டைக் கையை மடித்தார்.

சாயங்காலம் களிம்போடு வந்த தையல்காரி கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை. கண் கலங்கியது. அதைப் பார்த்து மீட்டர்காரருக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை.

"திரும்பியும் வந்துடுச்சாங்க?" என்றாள்.

"வந்துடுச்சு" என்றார்.

*

அடுத்த தடவை மூன்று தம்பதிகள் போனார்கள். உதவியாளர் பக்கத்து அறையிலிருந்து நாற்காலிகள் கொண்டுவந்து போட்டான். மூன்று ஆண்களும் சட்டைக் கையை மடித்து மேசைமேல் நீட்டினார்கள். டாக்டர் பெரிய பூதக்கண்ணாடியை எடுத்தார். மீட்டர்காரருக்கும் கார்டுக்கும் இடது கை. வாத்தியாருக்கு மட்டும் வலது கை.

"உங்களுக்கு ஏன் வலது?"

வாத்தியார் இடதுகைப் பழக்கக்காரர். அதைச் சொன்னால் இடது கையால் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். "அமைப்பு அப்படி" என்றார்.

"எத்தனை வருஷமா இருக்கு?" என்று டாக்டர் கார்டைக் கேட்டார்.

பதில் சொன்னது அவர் மனைவி. "நான் கல்யாணம் ஆகி வந்ததுல இருந்தே இப்படித்தான் டாக்டர். ரயில்ல லாந்தர் பிடிச்ச கை, சூட்டுல கருகிடுச்சுன்னு சொன்னாரு. நானும் பாவம்னு எண்ணெய் தடவி விடுவேன். முப்பது வருஷம் தடவியிருக்கேன்."

கார்டு கூரையைப் பார்த்தார்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "மூணு பேருக்கும் பொதுவா என்ன இருக்கு? ஒரே தண்ணியா? ஒரே வேலையா?"

"ஒரே பைத்தியம்" என்றாள் கார்டின் மனைவி. "பழைய தச்சுக் கருவி சேர்க்கிறது."

"வீட்டுக்குள்ளயா வச்சிருக்காங்க?"

"எங்க வீட்ல கட்டிலுக்கு அடியில" என்றாள் வாத்தியாரின் மனைவி.

"எங்க வீட்ல கட்டில் மேலயே" என்றாள் கார்டின் மனைவி. "நான் கீழ படுத்துக்கறேன்."

டாக்டரின் முகம் மெல்ல மலர்ந்தது. பல வருடமாக எதிர்பார்த்திருந்த ஒரு கடிதம் வந்த மாதிரி. மூன்று பக்கம் எழுதினார். பழைய மரம், அதில் பூஞ்சை, துரு, காற்றோட்டமில்லாத அறை, ஒரு கையில் மட்டும் முதலில் தாக்குதல். எல்லாம் பொருந்திவந்தது.

"இது புதுசு. நான் சுகாதார இலாகாவுக்கு லெட்டர் தரேன். அவங்களே மூணு வீட்டுக்கும் வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போவாங்க. மரம் உள்ளது எல்லாத்தையும் எரிச்சுடணும். அலட்சியமா விட்டா தலைக்கு ஏறும்."

"தலைக்கு ஏறி ரொம்ப நாளாச்சு" என்றாள் கார்டின் மனைவி.

மூன்று ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீட்டர்காரர் எந்த அறையைக் காப்பாற்றப் பொய் சொன்னாரோ, அந்தப் பொய்யே இப்போது தீப்பெட்டியோடு அந்த அறை வாசலில் நின்றது.

வாத்தியார் வாயசையாமல் முணுமுணுத்தார். "சொல்லலேன்னா எரிச்சுடுவாங்க. சொன்னா பழைய இரும்புக் கடைக்குப் போகும். கடைக்குப் போனா நாமளே போய் திரும்ப வாங்கிக்கலாம். கணக்கு சுலபம்."

"நீங்களே சொல்லுங்களேன்" என்றார் மீட்டர்காரர்.

"ஆரம்பிச்சது உங்க கை."

"கத்துக்குடுத்தது அண்ணன் வாய்."

"என்னை இழுக்காதீங்க" என்றார் கார்டு. "முப்பது வருஷ எண்ணெய்க்கு நான் பதில் சொல்லணும்."

டாக்டர் கடிதத்தில் கையெழுத்துப் போடப் போனார். மீட்டர்காரர் எழுந்து நின்றார். அன்று ஒண்ணாந்தேதி, எண்ணுகிற நாள் என்பதால் உளியைக் கைக்குட்டையில் சுற்றித் தன்னோடு பையில் கொண்டுவந்திருந்தார். எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தார். விளக்கு வெளிச்சத்தில் அது மின்னியதும் உதவியாளன் சுவரோடு ஒட்டினான்.

"இது வியாதி இல்ல டாக்டர். கூர் பாக்கறது."

யாருக்கும் புரியவில்லை. செய்து காட்டினால்தான் ஆகும். ஆனால் மேசையில் இருந்த கைகளில் காட்டுவதற்கு முடி மிச்சமில்லை. மீட்டர்காரர் சுற்றிலும் பார்த்தார். பார்வை உதவியாளன்மேல் விழுந்தது. அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். கடைசியில் கார்டு பெருமூச்சு விட்டு, வேட்டியை முழங்கால் வரை ஏற்றி, டாக்டரின் வெள்ளைத் துணி போட்ட முக்காலியில் காலைத் தூக்கி வைத்தார்.

ஒரே தள்ளு. சத்தமே இல்லை. வெள்ளைத் துணியில் முடி பொடிப்பொடியாக விழுந்தது. காலில் நான்கு விரல் நீளத்துக்குப் புதுத் தரை தெரிந்தது.

"வலிக்கலையா?" என்றார் டாக்டர்.

"வச்சதே தெரியலம்மா" என்றார் கார்டு, அது தன் உளி என்பதுபோலப் பெருமையாக.

வாத்தியார் அதுவரை அடக்கமாகத்தான் இருந்தார். அந்த வழுக்கையைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். "அடேயப்பா. கடைசியா எதுல தீட்டினீங்க?"

"மழமழப்புக் கல்லுல. அப்புறம் பழைய பெல்ட் தோல்ல பத்து இழுப்பு."

"பத்து போதுமா? நான் புதுசா வாங்கின உளிக்கு இருபது..."

"புதுசா வாங்கின எது?" என்றாள் வாத்தியாரின் மனைவி.

வாத்தியார் கண்ணாடியை மெதுவாகக் கீழே இறக்கினார்.

டாக்டர் தன் மூன்று பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரம் தட்டினார். பேனாவுக்கு மூடி போட்டார். "ஷேவ் பண்ணீங்களான்னு நான் முதல்லயே கேட்டேனே" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம்.

"நீங்க என்னைத்தான் கேட்டீங்க. பதில் சொன்னது இவ" என்றார் மீட்டர்காரர். சொன்ன மறுகணமே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

தையல்காரி கையை நீட்டி உளியை எடுத்தாள். அதன் கூர்முனையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் திரையின் ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது; அதில் வைத்தாள். இழுக்கவில்லை, அசைக்கவில்லை, நூல் விழுந்தது.

"இது எத்தனாவது?"

"அறுபத்தி நாலு."

கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

*

வீட்டுக்கு வந்ததும் மீட்டர்காரர் நேராகப் பின்னறைக்குப் போனார். பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குத்தான் வாங்குவார். எந்த இழைப்புளி எந்த மூட்டையில் போகும், எதை முதலில் மீட்பது என்று யோசித்தபடி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். முன்னறையிலிருந்து தையல்காரி வந்தாள். அவரைப் பார்க்காமல் சுவரிலிருந்த கொட்டாப்புளியை, மரச் சுத்தியலை, எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம்.

உளியை உடைக்கிறாள் என்று நினைத்தார். கோபப்பட அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் எஃகு என்ன பாவம் செய்தது? ஓடினார்.

வெட்டுமேசைமேல் ஒரு கோட்டு விரிந்திருந்தது. தடித்த துணி, மறுநாள் கொடுக்க வேண்டியது. பித்தான் துளைகளுக்குக் கோடு போட்டு, அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, அந்தக் கோடுகளில் ஒன்றின்மேல் உளியை நிறுத்தியிருந்தாள். கொட்டாப்புளியால் ஒரு தட்டு. டொக். உளியை எடுத்தால் கீழே ஓர் அங்குலத் துளை. ஒரு இழை பிரியவில்லை. கத்தரிக்கோல் முனையால் குத்தி, நெம்பி, பிசிறு பிசிறாக அவள் வெட்டிவந்த துளைகளை மீட்டர்காரரும் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு விழும். இன்று திட்டே இல்லை.

நான்கு துளையும் முடிந்தது. அவள் கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பொய் சொன்னீங்க" என்றாள், துளை வழியாக அவரைப் பார்த்து. "அதுவும் நான் கண் கலங்கி நிக்கிறப்போ."

"ஆமாம்."

"ரூம் எனக்குத்தான்."

"ஆமாம்" என்றார்.

"தரை எனக்கு. சுவர் உங்களுக்கு. எல்லாத்தையும் சுவர்ல ஏத்தி மாட்டுங்க. ஒருத்தி கால் நீட்டினா எதுவும் தட்டக் கூடாது. நடுவுல கண்ணாடி வைக்கணும், சட்டம் நீங்கதான் போடணும். ஒன்றரை வருஷம் இல்ல, ஒரு மாசம்."

மீட்டர்காரர் இரும்புக் கடை என்ற சொல் எப்போது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"இந்த உளி?" என்றார் கடைசியில்.

"இது தையல் சாமான். உங்க கணக்குல வராது. வாரா வாரம் தீட்டிக் குடுங்க. துணியில கூர் பாருங்க, கைய தொடாதீங்க." மிச்சமிருந்த வேலையை எடுத்தாள். ஒரு சட்டை. உளியை அதில் பித்தான் துளைக்குப் போட்டிருந்த கோட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். அந்தக் கோட்டைவிட உளி இரண்டு மடங்கு அகலமாக இருந்தது. உதட்டைப் பிதுக்கினாள். அவரை நேராகப் பார்க்காமல், நாடாவை அளப்பதுபோலச் சும்மா இழுத்தபடி கேட்டாள்:

"சட்டைக்கு இது அகலம். அரை அங்குலத்துல ஒண்ணு கிடைக்குமாங்க?"

முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள மீட்டர்காரருக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. எந்தத் தெருவில், எந்த வீட்டில், எத்தனாவது படிக்கு அடியில் அது கிடக்கிறது என்று நான்கு மாதமாக அவருக்குத் தெரியும்.

"கஷ்டம்தான்" என்றார். "தேடிப் பாக்கணும்."